வாடகை வாசகர்கள் கிளம்பிய பிறகு...

எழுதக் கற்றுத்தரும் கோர்ஸ்களின் கடைசி நாள் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். முதல் வாரம் எழுதியதையும் கடைசி வாரம் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். 'இந்த சில மாதங்களில் எவ்வளவு வளர்ந்திருக்கிறேன்' என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்வார்கள். வகுப்பில் யாருக்காவது ஒரு கதையோ கட்டுரையோ பத்திரிகையில் வந்திருந்தால், அன்றைக்கு அவர்தான் ஹீரோ. சான்றிதழ், குரூப் போட்டோ, டீ, சமோசா. அவ்வளவுதான்.

அடுத்த நாள் காலை என்ன நடக்கிறது என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதை நன்றாகப் புரிந்துகொள்ள உதவும் கதை ஒன்று இருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரின் கதை.

1970-ல், 23 வயதில், ஆறு வார எழுத்துப் பயிற்சி ஒன்றை முடித்தார் பட்லர். முடிக்கும்போது அவருடைய இரண்டு கதைகள் விலைபோயிருந்தன. புதிதாக எழுத வந்தவருக்கு இதைவிட நல்ல முடிவு கிடைக்காது. இனி நாம் எழுத்தாளர்தான் என்று அவரும் நம்பினார். அதன்பின் ஐந்து வருடங்களுக்கு அவர் எழுதிய ஒரு வார்த்தைகூட விலைபோகவில்லை.

பல் வைத்தியத்துக்கு வைத்திருந்த பணம்

கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரத்தில் 1947 ஜூன் 22 அன்று பிறந்தவர் பட்லர். கறுப்பினக் குடும்பம். அப்பா ஷூ பாலிஷ் போடும் தொழிலாளி. மகள் சிறுமியாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை செய்தவர். சில வருடங்கள்தான் பள்ளிக்கூடம் போனவர். சில நாட்கள் மகளையும் வேலைக்குக் கூட்டிப்போவார். பின்வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அந்த வீடுகளில் வேண்டாமென்று ஒதுக்கும் புத்தகங்களை அம்மா எடுத்துவந்து மகளிடம் கொடுப்பார். எந்த வயதுக்கான புத்தகம், என்ன விஷயம் என்றெல்லாம் அவர் பார்க்கவில்லை. புத்தகம் என்றால் எடுத்து வந்துவிடுவார்.

மகளுக்கோ எழுத்துகளைச் சேர்த்து வாசிப்பதே சிரமம். டிஸ்லெக்ஸியா. அதோடு சேர்ந்து கடுமையான கூச்சம். வகுப்பிலேயே உயரமான பெண் என்பதால் கேலி வேறு. பத்து வயதில் அம்மாவிடம் கெஞ்சிக் கேட்டு ஒரு ரெமிங்டன் டைப்ரைட்டர் வாங்கினார். டைப்பிங் தெரியாது, இரண்டு விரலால் தட்டத் தொடங்கினார். 12 வயது வாக்கில் டி.வி-யில் 'டெவில் கேர்ள் ஃப்ரம் மார்ஸ்' என்ற படத்தைப் பார்த்தார். செவ்வாய் கிரகத்திலிருந்து ஒரு பெண் பூமிக்கு வரும் கதை. பார்த்து முடித்ததும் அவருக்குத் தோன்றியது: இதைவிட நல்லதாக என்னால் எழுத முடியும். இன்னொன்றும் தோன்றியது: இவ்வளவு மோசமாக எழுதியவருக்கும் யாரோ காசு கொடுத்திருக்கிறார்கள்!

எழுத்தாளர் ஆகப்போகிறேன் என்று சொன்னபோது அத்தை ஒருவர் அன்பாகவே எடுத்துச் சொன்னார், கறுப்பினத்தவர் எழுத்தாளர் ஆக முடியாது என்று. பட்லர் பின்னாளில் எழுதிய ஒரு கட்டுரையில் இது வருகிறது. அத்தையைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? அதுவரை கறுப்பினத்தவர் எழுதி அச்சான ஒரு வரியைக்கூட, தெரிந்து தான் படித்ததில்லை என்று பட்லரே ஒப்புக்கொள்கிறார்.

அதே கட்டுரையில் இன்னொரு சம்பவம் இருக்கிறது. பள்ளிப் பருவத்தில், கதையைப் படித்துப்பார்க்கவே கட்டணம் வாங்கும் ஏஜென்ட் ஒருவரிடம் பட்லர் சிக்கினார். அம்மா கட்டிய தொகை 61 டாலர் 20 சென்ட். அவர்களுடைய ஒரு மாத வீட்டு வாடகையைவிட அதிகம். பலன் பூஜ்யம். 'உங்கள் கதையைப் புத்தகமாக்குகிறோம், முதலில் இவ்வளவு கட்டுங்கள்' என்று மெசேஜ் வருகிறவர்கள் கவனிக்க.

ஸ்கூல் முடிந்ததும் பகலில் வேலை, இரவில் பாசடீனா சிட்டி காலேஜில் வகுப்பு. முதல் வருடமே கல்லூரிச் சிறுகதைப் போட்டியில் ஜெயித்து 15 டாலர் வாங்கினார். எழுத்துக்காகக் கிடைத்த முதல் பணம். பிறகு லாஸ் ஏஞ்சலீஸில் திரைக்கதை எழுத்தாளர் சங்கம் நடத்திய 'ஓப்பன் டோர்' என்ற பயிற்சி வகுப்பில் சேர்ந்தார். அங்கே ஆசிரியராக வந்தவர்களில் ஒருவர், அப்போது அறிவியல் புனைகதையில் பெரிய பெயராக இருந்த ஹார்லன் எலிசன். திரைக்கதை இந்தப் பெண்ணுக்கு வராது, ஆனால் கதை வரும் என்பதை அவர் கண்டுகொண்டார். பென்சில்வேனியா மாநிலத்தில் 'கிளேரியன்' என்ற சின்ன ஊரின் கல்லூரியில் ஆறு வார அறிவியல் புனைகதைப் பயிலரங்கு நடக்கிறது, போய்ச் சேர் என்றார்.

அதற்குப் பணம்? அம்மா தன் பல் வைத்தியத்துக்காக வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தார். பல் வைத்தியம் காத்திருந்தது.

வட்டமாக உட்கார்ந்து...

கிளேரியன் பயிலரங்கு 1968-ல் தொடங்கியது. இன்றும் நடக்கிறது, இடம்தான் மாறிவிட்டது. அதன் முறை எளிமையானது, ஆனால் கொஞ்சம் குரூரமானது. வாரத்துக்கு ஒரு எழுத்தாளர் வந்து நடத்துவார். மாணவர்கள் கதை எழுதிக் கொடுப்பார்கள். மற்ற எல்லோரும் அதைப் படித்துவிட்டு வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் பின் ஒருவராகக் கருத்துச் சொல்வார்கள். எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. 'இல்லீங்க, நான் சொல்ல வந்தது என்னன்னா...' என்று தொடங்க முடியாது. எல்லோரும் பேசி முடித்த பிறகுதான் அவர் முறை.

எழுதிப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வேதனை என்று தெரியும். கதையில் இல்லாத எதுவும் எழுதியவரின் மனதில் மட்டும்தான் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைக்கும். கடைக்குப் போய் கதையை வாங்கிப் படிக்கும் வாசகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாம் விளக்கம் சொல்லப்போவதில்லை. அந்த வாய்மூடல், வாசகரின் எதிரே எழுத்தாளரின் நிலைமை என்ன என்பதற்கு ஒரு ஒத்திகை.

பட்லர் பிற்பாடு இதைத் தன் பாணியில் விளக்கியிருக்கிறார். எழுத்துப் பயிலரங்கு என்பது பார்வையாளர்களை வாடகைக்கு எடுப்பது மாதிரி என்பார். நாம் சொல்ல நினைத்ததுதான் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம். மேதையாக்குவது, ரகசியம் சொல்லித் தருவது போன்ற வாக்குறுதி எதுவும் அதில் கிடையாது. கோர்ஸ்களுக்கு விளம்பரம் எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கடன் வாங்கலாம்.

1970-ன் கிளேரியன் வகுப்பு பிரமாதமான வகுப்பு. சாமுவேல் டிலேனி பாடம் நடத்த வந்தார். அன்றைய அமெரிக்க அறிவியல் புனைகதையில் விரல்விட்டு எண்ணக்கூடிய கறுப்பின எழுத்தாளர்களில் ஒருவர். சக மாணவிகளில் ஒருவர் வொண்டா மெக்கின்டயர். பின்னாளில் ஹியூகோ, நெபுலா விருதுகள் வாங்கியவர். அடுத்த வருடமே சியாட்டிலில் 'கிளேரியன் வெஸ்ட்' என்ற பயிலரங்கைத் தொடங்கியவரும் அவரே. இவர்களுக்கு நடுவில் கூச்ச சுபாவமுள்ள, அதிகம் பேசாத பட்லர்.

அந்த ஆறு வாரத்தில் விலைபோன இரண்டு கதைகளைப் பார்த்தால் வளர்ச்சி ஓரளவு புலப்படும். பதின்ம வயதில் அவர் எழுதிய கதைகளின் நாயகர்கள் பெரும்பாலும் முப்பது வயது வெள்ளைக்கார ஆண்கள். குடிப்பார்கள், சிகரெட் பிடிப்பார்கள். ஏனென்றால் அவர் படித்த கதைகளில் அப்படித்தான் இருந்தார்கள். (எண்பதுகளில் நம்மூரில் எழுதத் தொடங்கிய பலரின் முதல் கதையில் ஒரு துப்பறியும் நிபுணர் வருவது மாதிரி.) கிளேரியனில் விற்ற 'கிராஸ்ஓவர்' கதையில் வருவதோ தொழிற்சாலையில் வேலைசெய்து சலித்துப்போன ஒரு பெண். 'சைல்ட்ஃபைண்டர்' கதையில், அபூர்வ மனசக்தி கொண்ட குழந்தைகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஒரு கறுப்பினப் பெண். தான் பார்த்த வாழ்க்கையும் தன்னைப் போன்ற மனிதர்களும் கதைக்குள் வந்துவிட்டார்கள்.

'கிராஸ்ஓவர்' 1971-ல் பயிலரங்கின் தொகுப்பு நூலில் வெளியானது. 'சைல்ட்ஃபைண்டர்' கதையை ஹார்லன் எலிசன் தன்னுடைய பெரிய தொகுப்பு ஒன்றுக்காக வாங்கினார். அந்தத் தொகுப்பு வரும், வரும் என்றே பல பத்தாண்டுகள் போயின. 2006-ல் பட்லர் இறந்துவிட்டார். 2018-ல் எலிசனும் இறந்துவிட்டார். அந்தக் கதை 2014-ல் வேறொரு புத்தகத்தில்தான் முதன்முதலாக அச்சேறியது. கோர்ஸின் கடைசி நாளில் 'எழுத்தாளர் ஆகிவிட்டோம்' என்று நினைக்கவைத்த இரண்டு கதைகளில் ஒன்று, எழுதியவர் கண்ணில் அச்சாகிப் படவே இல்லை.

ராத்திரி இரண்டு மணி

லாஸ் ஏஞ்சலீஸ் திரும்பினார். வட்டமாக உட்கார்ந்து படித்துச் சொல்ல இப்போது யாரும் இல்லை. வாடகைக்கு வந்தவர்கள் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். கதை எழுதி அனுப்பினால் திரும்பி வரும். 'பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்' என்ற துண்டுச்சீட்டு நம் வாசகர்களில் பலருக்கும் பழக்கமானதுதான். போதிய தபால்தலை ஒட்டி, நம் கையெழுத்திலேயே நம் விலாசம் எழுதிய உறை வாசலுக்கு வரும்போது, பிரிக்காமலேயே விஷயம் தெரிந்துவிடும். ஐந்து வருடம் பட்லருக்கு அந்த உறைகள் வந்துகொண்டிருந்தன.

சாப்பாட்டுக்குக் கிடைத்த வேலையைப் பார்த்தார். பாத்திரம் தேய்க்கும் வேலை. போனில் கூப்பிட்டுப் பொருள் விற்கும் வேலை. உருளைக்கிழங்கு சிப்ஸ் தொழிற்சாலையில் கெட்டுப்போன சிப்ஸைப் பொறுக்கித் தள்ளும் வேலை. செயலாளர் மாதிரி நல்ல வேலைக்குப் போகும்படி அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். மகள் மறுத்ததற்கு ஒரு கணக்கு இருந்தது. மூளையைக் கேட்கும் வேலைக்குப் போனால், எழுதுவதற்கு மூளை மிச்சமிருக்காது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து எழுதுவார். விடிந்ததும் வேலைக்குப் போவார்.

பட்லரின் வாழ்க்கையைச் சொல்லும் பலரும் இந்த ஐந்து வருடத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். கஷ்டப்பட்டார், ஜெயித்தார் என்று. உண்மையில் அவருடைய வளர்ச்சி நடந்தது இங்கேதான். கோர்ஸில் அவருக்குக் கிடைத்தது ஒரு வாசகக் கூட்டத்தின் குரல். 'இந்த இடத்தில் புரியவில்லை', 'இவள் ஏன் இப்படிச் செய்கிறாள்?', 'இங்கே எனக்கு போரடித்தது.' கூட்டம் கலைந்த பிறகு அதே கேள்விகளைத் தனக்குத்தானே, ராத்திரி இரண்டு மணிக்கு, கேட்டுக்கொள்ள வேண்டும். பதிலும் நேர்மையாக இருக்க வேண்டும். அதற்கு ஆறு வாரம் போதாது. ஆரம்பத்தில் எல்லோரும் மோசமாகத்தான் எழுதுகிறோம், அது நன்றாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம், மெல்ல மெல்லத்தான் தேறுகிறோம் என்ற பொருளில் அவர் ஒரு பேட்டியில் பேசியிருக்கிறார். அதனால்தான் எழுத்தாளருக்குப் பிடிவாதம் முக்கியம் என்பது அவர் கட்சி.

அந்த வருடங்களில் இன்னொரு சிக்கலும் இருந்தது. சிறுகதை எழுதப் பழகியவருக்கு நாவல் வசப்படவில்லை. தொடங்குவார், நீளத்தைப் பார்த்து மலைத்து நின்றுவிடுவார். டெலிபோன் வேலையும் போய்விட்ட ஒரு சமயத்தில், உட்கார்ந்து ஒரு நாவலை முடித்தே தீருவது என்று முடிவெடுத்தார். தன்னைத்தானே ஏமாற்ற ஒரு தந்திரம் செய்தார். நாவல் எழுதுவதாக நினைக்கக் கூடாது. ஒவ்வொரு அத்தியாயத்தையும், வகுப்புக்கு எழுதிக் கொடுப்பாரே, அந்த அளவில் ஒரு சிறுகதையாக நினைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று முடிந்ததும் அடுத்தது. அப்படி முடித்ததுதான் 'பேட்டர்ன்மாஸ்டர்'. 1976-ல் டபுள்டே பதிப்பகம் வெளியிட்டது. 12 வயதில் அந்த மோசமான படத்தைப் பார்த்த பிறகு கிறுக்கத் தொடங்கிய உலகம்தான் அந்த நாவலில் வருவது.

கோர்ஸ் முடிந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

பிடிக்காத புத்தகம், பிடித்த புத்தகம்

அதன்பின் வேகமாக எழுதினார். அவற்றில் 1978-ல் வெளியான 'சர்வைவர்' நாவல் தனியாகப் பேச வேண்டிய விஷயம். அதை பட்லருக்கே பிடிக்காமல் போனது. மறுபதிப்பு வரவே கூடாது என்று கடைசிவரை தடுத்தார். எழுத்தாளர்கள் பொதுவாகத் தங்கள் பழைய புத்தகங்களைப் பிள்ளைகள் மாதிரி காப்பாற்றுவார்கள். அச்சாகி, பணமும் வந்துவிட்ட புத்தகத்தை 'இது சரியில்லை' என்று ஒதுக்க, அன்று கிளேரியனில் வட்டமாக உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் தலைக்குள் குடியேறியிருக்க வேண்டும். இத்தனைக்கும் அதை விற்ற பணம்தான் அடுத்த நாவலுக்கான ஆராய்ச்சிப் பயணத்துக்கு உதவியது.

அந்த அடுத்த நாவல் 'கிண்ட்ரட்', 1979. லாஸ் ஏஞ்சலீஸில் வாழும் கறுப்பினப் பெண் டானா, திடீரென்று காலத்தில் பின்னோக்கி இழுக்கப்பட்டு, அடிமைமுறை இருந்த மேரிலாந்துக்குப் போய்விழுகிறாள். கதையின் விதை பாசடீனா கல்லூரியில் விழுந்தது. சகமாணவர் ஒருவர், 'அடங்கி ஒடுங்கி வாழ்ந்த நம் முந்தைய தலைமுறைதான் நம்மைக் கெடுத்தது' என்கிற தொனியில் பேசிக்கொண்டிருந்தார். பின்வாசல் வழியாக வேலைக்குப் போய்வந்த அம்மா பட்லருக்கு ஞாபகம் வந்தார். அந்த அவமானத்தை விழுங்கித்தானே அம்மா தன்னை வளர்த்தார்? அடிமைமுறையைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொண்டால் போதாது, உடம்பில் உணர வேண்டும் என்று நினைத்தார்.

ஆராய்ச்சிக்காக பஸ் ஏறி மேரிலாந்து போனார். நூலகங்களில் உட்கார்ந்தார். அருகில் இருக்கும் மவுன்ட் வெர்னனுக்குப் போனார், முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனின் பண்ணை வீடு. அந்த நாட்களில் அங்கே சுற்றிக் காட்டியவர்கள் அடிமை என்ற சொல்லையே உச்சரிக்காமல் 'வேலைக்காரர்கள்' என்றார்களாம்.

'கிண்ட்ரட்' படிக்கும்போது ஒரு விஷயம் கண்ணில் படும். டானாவும் எழுத்தாளர் ஆக முயல்கிறவள். ஏஜென்சி மூலம் கிடைக்கும் தினக்கூலி வேலைகளைச் செய்துகொண்டே ராத்திரியில் எழுதுகிறவள். சிப்ஸ் பொறுக்கிய வருடங்கள் வீணாகவில்லை என்று சொல்லலாம். ஆனால் அதை அனுபவித்தவர் அப்படிச் சொல்லவில்லை. அவை மட்டமான வேலைகள் என்றுதான் கடைசிவரை சொன்னார்.

பிறகு நடந்தவை எல்லோருக்கும் தெரிந்தவை. 1984-ல் ஹியூகோ விருது. 'பிளட்சைல்ட்' கதைக்கு ஹியூகோ, நெபுலா இரண்டும். 1995-ல் மெக்கார்தர் நிதிநல்கை. அதைப் பெற்ற முதல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் அவர். தொகை 2,95,000 டாலர்.

நோட்டின் பின்பக்கம்

பட்லரின் நோட்டுப் புத்தகங்களும் கையெழுத்துப் பிரதிகளும் இப்போது கலிஃபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகத்தில் இருக்கின்றன. 1988-ல் ஒரு நோட்டின் பின்பக்கத்தில் தனக்குத்தானே ஒரு பட்டியல் எழுதிக்கொண்டார். என் புத்தகங்கள் பெஸ்ட்செல்லர் ஆகும். நல்ல இடத்தில் அழகான வீடு வாங்குவேன். இப்படிப் போகும் பட்டியலில் ஒரு வரி: ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளை கிளேரியன் போன்ற பயிலரங்குகளுக்கு அனுப்புவேன்.

18 வருடம் ஆகியும் கிளேரியனை மறக்கவில்லை. தனக்கு ஐந்து வருட ஏமாற்றம் தந்த இடம் என்று நினைக்கவும் இல்லை. அங்கும் கிளேரியன் வெஸ்டிலும் தானே ஆசிரியராகப் போய்ப் பாடம் எடுத்தார். புதிதாக எழுதுகிறவர்களுக்கென்று 1993-ல் அவர் எழுதிய கட்டுரையில் நிறையப் படியுங்கள், வகுப்புகளுக்குப் போங்கள், தினமும் எழுதுங்கள், திருத்துங்கள், அனுப்புங்கள் என்று யோசனைகளை அடுக்கியிருக்கிறார். வகுப்பு அதில் ஒரே ஒரு யோசனை. மற்றவை எல்லாம் வகுப்பு இல்லாத நாட்களுக்கானவை. உள்ளுந்துதல், திறமை இவற்றையெல்லாம் மறந்துவிடச் சொல்கிறார். பழக்கத்தைத்தான் நம்பச் சொல்கிறார்.

பட்டியலில் இருந்த பெஸ்ட்செல்லர் கனவு 2020-ல்தான் பலித்தது. 1993-ல் வெளியான 'பேரபிள் ஆஃப் தி சோவர்' நாவல், அவர் இறந்து 14 வருடம் கழித்து நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் ஏறியது.

பயிலரங்குக்குப் பிள்ளைகளை அனுப்பும் வரி அதற்கு முன்பே நிறைவேறிவிட்டது. அவர் இறந்த பிறகு, 'கார்ல் பிராண்டன் சொசைட்டி' என்ற அமைப்பு அவர் பெயரில் ஒரு உதவித்தொகையை ஏற்படுத்தியது. வெள்ளையரல்லாத எழுத்தாளர்கள் கிளேரியனிலும் கிளேரியன் வெஸ்டிலும் படிக்க அந்தப் பணம் போகிறது. கொல்கத்தாவைச் சேர்ந்த இந்திரபிரமித் தாஸ் 2012-ல் அந்த உதவித்தொகையில் படித்தார். 2015-ல் படித்தவர் மிமி மொண்டல், அதே கொல்கத்தாவின் தலித் எழுத்தாளர். இரண்டு வருடம் கழித்து அவர் அலெக்சாண்ட்ரா பியர்ஸுடன் சேர்ந்து ஒரு நூலைத் தொகுத்தார். பல நாட்டு எழுத்தாளர்கள் ஆக்டேவியா பட்லருக்கு எழுதிய கடிதங்களும் கட்டுரைகளும் அடங்கிய புத்தகம் அது. மறுவருடம் லோகஸ் விருது வாங்கியது.